கைச்சூடு என்றொரு பொய்

போன மாதம் ஒரு காலை அலவத்துகொடையில் என் வீட்டு வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இர்ஷாத் தொலைபேசியில் அழைத்தான். கட்டுகஸ்தோட்டையில் நான் வேலை செய்த சைக்கிள் பிரேம் பட்டறைக்கு இப்போது அவன்தான் மேற்பார்வையாளர். சலாம் சொன்னான். அண்ணன் முறையில் என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவான். என் கண் எப்படி என்று கேட்டான். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"நானா, இங்க ஒரு புள்ளட கை சூடாப் போயிட்டு. தொட்டிக்குப் போட்டீக்கிறன். எவ்வளவு காலம் வெச்சா ஆறும்?"

வயது ஏறினால் கோபம் இறங்கும் என்கிறார்கள். எனக்கு இறங்கவில்லை. கையில் இருந்த சுளகை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

இந்தக் கேள்வி வெளியாருக்கு விளங்காது; விளக்குகிறேன். எங்கள் பட்டறையில் ஓட்டுபவரின் உடலை அளந்து அதற்கேற்ப சைக்கிள் பிரேம் செய்வார்கள். குழாய்களை வெட்டி, வாயை அராவி, ஒன்றோடொன்று பொருத்தி, டோர்ச் நெருப்பில் சூடாக்கி, பித்தளைக் கம்பியை மூட்டில் உருக்கி ஓடவிட்டு ஒட்டுவார்கள். பித்தளைதான் உருகும், குழாய் உருகாது. ஒட்டும்போது குழாய் வெடித்துவிட்டால் டோர்ச் பிடித்தவருக்குக் 'கைச்சூடு' என்பார்கள். நெருப்பை அளவில்லாமல் கொடுக்கும் கை என்று பொருள். அப்படிப் பெயர் வாங்கியவரை டோர்ச்சிலிருந்து எடுத்து, ஒட்டிய பிரேம்களைக் கழுவும் தொட்டிக்கு அனுப்புவார்கள். கொஞ்சக் காலம் தண்ணீரில் கை வைத்திருந்தால் சூடு ஆறிவிடுமாம்.

தொட்டியில் இருப்பது வெந்நீர். வெந்நீரில் கையை ஆறவைக்கும் இந்த வைத்தியம் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். அது பிறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"என்ன குழாய்?" என்று இர்ஷாத்திடம் கேட்டேன்.

"ஸ்டெயின்லெஸ். கன காலத்துக்குப் பிறகு ஓடர் வந்தீக்கி."

"எந்த இடத்தில வெடிச்சி?"

"கீழ்க்குழாய்ட அடிப்பக்கம். முன் மூட்டுக்கிட்ட."

"நெடுக்காவா, குறுக்காவா?"

தொலைபேசியில் காலடிச் சத்தம் கேட்டது. பார்க்கப் போயிருக்கிறான். "குறுக்கா நானா. உங்களுக்கு எப்பிடி…"

"நான் வாறன். வாற வரைக்கும் ஒண்டையும் ஒட்டாதீங்க."

இதை எழுதச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவன் என்பதால், நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

என் பயிற்சிக் காலம் சுருக்கமானது. கண்டியில் தொழில்நுட்பக் கல்லூரியில் உலோக வேலை படித்தேன். பிறகு பஸ்களுக்கு மேற்கூடு கட்டும் இடமொன்றில் சில வருடங்கள். எந்தப் பிழையையும் பெயிண்ட் மறைக்கும் என்பதை அங்கே கற்றேன். பிரேம் பட்டறைக்கு வந்ததும் என்னைப் பரிசோதகராகப் போட்டார்கள். பெயிண்ட் அடிக்க முன்னர் ஒவ்வொரு பிரேமும் என் மேசைக்கு வரும். கண்பார்வை குறைந்து முன்கூட்டியே ஓய்வு பெறும்வரை அந்த மேசைதான் என் இடம்.

என் வேலையில் முக்கியமானது வெடிப்புப் பார்ப்பது. மூட்டைச் சுத்தமாகத் துடைத்து அதன்மேல் சிவப்பு மை பூசுவேன். மை நுண்ணிய பிளவுக்குள் இறங்க நேரம் விடுவேன். பிறகு மேலே உள்ள மையைத் துணியால் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் துடைத்தெடுத்து, வெள்ளைத் தூளைத் தெளிப்பேன். வெடிப்பு இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். இருந்தால், உள்ளே ஒளிந்திருந்த மை கசிந்து தூளின்மேல் சிவப்புக் கோடாக எழும். கண்ணுக்குத் தெரியாத மயிரளவு வெடிப்பும் தப்பாது. அவசரப்பட்டு மையைச் சரியாகத் துடைக்காதவருக்கு இல்லாத வெடிப்பும் தெரியும். ஆகவே நான் ஒருபோதும் அவசரப்பட்டதில்லை.

அந்தக் காலத்தில் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தவர் செல்வநாயகம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். டோர்ச்சில் அவருக்கு நிகரான கை அங்கே இருக்கவில்லை. வேலைக்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். டோர்ச்சின் நுனியைப் பருத்தித் துணியால் துடைப்பார். நெருப்பைப் பற்றவைத்து, அதன் உள்நாக்கு கூராக வரும்வரை பொறுமையாகத் திருகுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எல்லாரையும் 'நீர்' என்றுதான் பேசுவார்.

யாராவது பிழையான மூட்டு ஒட்டினால் சேர் ஏசமாட்டார். தன்னுடைய தேநீர்க் கோப்பையை அந்த பிரேமின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒட்டியவர் அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு சேரின் மேசைக்குப் போய், பிழை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அதுவரை சேர் தேநீர் குடிக்க மாட்டார். பட்டறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏச்சு வாங்கினால்கூடப் பரவாயில்லை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

சேரின் பெருமை ஒரு 'இழுவை'. வேலிக் கம்பியை இறுக்குவதற்குப் பாவிப்பார்களே, இரண்டு பக்கமும் கொக்கி, நடுவில் திருகு, அதே சாமான்தான். ஒட்டிய மூட்டு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது, ஹேண்டில் செருகும் முன்குழாயை மயிரளவு பின்னால் இழுத்துவிடும். அதை ஆறிய பிறகு வளைத்து நேராக்குவது மற்றப் பட்டறைகளின் வழக்கம். சேர் அப்படிச் செய்யவில்லை. ஒட்டுவதற்கு முன்பே இழுவையைப் போட்டு முன்குழாயை மயிரளவு முன்னால் இழுத்து வைப்பார். சுருக்கம் பின்னால் இழுக்கும். இரண்டும் சரிக்குச் சரியாகி பிரேம் நேராக நிற்கும். சாதாரண உருக்குக் குழாயில் இது அருமையாக வேலை செய்தது. அளவு பார்க்கும் என் இரும்புப் பலகையில் வைத்துப் பார்த்தவன் நான். அதை மறுக்க மாட்டேன். பிரேம் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் அந்த இழுவையைக் காட்டுவார்கள். படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

டோர்ச் பிடித்தவர்களில் சேருக்கு அடுத்த கை ராஜேஸ்வரி. ஹந்தானைத் தோட்டத்திலிருந்து வருவார். அவருடைய மூட்டைத் தடவிப் பார்த்தால் பித்தளை எங்கே முடிகிறது, குழாய் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. அராவ வேண்டிய தேவையே வராது. பேச்சும் அப்படித்தான். யாராவது மூட்டில் பித்தளையை அள்ளி அப்பியிருந்தால், "என்னாப்பா, ரொட்டிக்குச் சம்பல் வச்ச மாதிரி வச்சிருக்க" என்பார்.

முதல்முறை ஸ்டெயின்லெஸ் குழாய் வந்தபோது சேர் அதை ராஜேஸ்வரியிடம் மட்டும்தான் கொடுத்தார். மழை ஊரில் பெயிண்ட் அடிக்காமல் பளபளவென்று வைத்துக்கொள்ளலாம் என்பதால் அந்தக் குழாய்க்குக் கிராக்கி. சுவர் மெல்லியது. விலை அதிகம். நல்ல கை ஒட்டட்டும் என்றார் சேர். இந்த இடத்தை வாசிப்பவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். நல்ல கை என்பதால்தான் அந்தக் குழாய் அவரிடம் போனது. வேறு ஒருவரும் அதைத் தொடவில்லை.

முதல் பிரேமிலேயே என் மேசையில் சிவப்புக் கோடு எழுந்தது. முன்குழாயிலிருந்து மிதி அச்சுக்குச் சரிந்து இறங்கும் கீழ்க்குழாயின் அடிப்பக்கம், முன் மூட்டின் பித்தளைக் கரையோரமாக, குறுக்கே. நான் சேருக்குக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். போய்த் தன் கோப்பையை எடுத்து வந்து பிரேமின் பக்கத்தில் வைத்தார்.

ராஜேஸ்வரி கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். "சார், நெருப்பு கூடல. பிளக்ஸ் கருகவே இல்ல, பாருங்க" என்றார். பிளக்ஸ் என்பது மூட்டில் பூசும் பசை. சூடு அளவாக இருந்தால் ஆறியதும் கண்ணாடி போல நிற்கும். சூடு கூடினால் கருகிக் கறுக்கும். அவருடைய மூட்டில் அது கண்ணாடியாகத்தான் நின்றது.

"அடுத்ததைக் கவனமாச் செய்யும்" என்றார் சேர்.

அடுத்ததும் வெடித்தது. அதற்கடுத்ததும் வெடித்தது. ஒவ்வொரு முறையும் கோப்பை வந்தது. பட்டறையில் கதை தொடங்கியது. மற்றவர்களும் குழாய்களைப் பிடித்து நிறுத்தும் அதே சட்டத்தில், அதே இழுவையைப் போட்டு, அதே பித்தளையால்தானே ஒட்டுகிறார்கள்? அவர்களுக்கு ஏன் வெடிக்கவில்லை? மற்றவர்கள் ஒட்டியது சாதாரணக் குழாய் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. கைச்சூடு என்றார்கள். பகிடிக்காரர் ஒருவர் தேநீர் நேரத்தில், "ராஜேஸ், இந்தத் தேத்தண்ணி ஆறிப்போச்சு, ஒருக்காப் பிடிச்சித் தா" என்று தன் கோப்பையை நீட்டினார்.

"கொண்டா, பிடிச்சித் தர்றேன். கோப்பை வெடிச்சா அப்புறம் எங்கிட்ட அழக்கூடாது" என்றார் ராஜேஸ்வரி. சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்று பின்னேரம் சேர் அவரைக் கூப்பிட்டு, டோர்ச்சை விட்டுக் கழுவும் தொட்டிக்குப் போகச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. "கொஞ்ச நாளைக்கு" என்று மட்டும் சொன்னார்.

டோர்ச் பிடிக்கிறவருக்குத் தொட்டி என்றால் என்ன என்று வெளியார் விளங்கிக்கொள்ள வேண்டும். அது பட்டறையின் மூலை. நீராவிக்குள் நின்று, மற்றவர்கள் ஒட்டிய மூட்டிலிருந்து பிளக்ஸைச் சுரண்டிக் கழுவும் வேலை. ராஜேஸ்வரி தன்னைவிடக் கீழான கைகள் ஒட்டிய மூட்டுகளைக் கழுவினார். ஒருநாள் நான் பிரேம் எடுக்கப் போனபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"நானா, நான் ஒண்ணு சொல்றேன், நீங்களாச்சும் கேளுங்க. அது ஆறும்போது வெடிக்கல. பித்தளை ஓடுறப்பவே 'டிக்'குன்னு ஒரு சத்தம் வருது. காதால கேட்டேன்."

"சேருக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேனே. 'சூடு கூடினா அப்பிடித்தான்'னாரு."

என் மேசையில் வெடித்த குழாய்கள் எல்லாம் இருந்தன. அவற்றை வரிசையாக அடுக்கினேன். எல்லாக் கோடும் அடிப்பக்கம். மேல்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. நெருப்பு மூட்டைச் சுற்றி வருகிறது. கை சூடென்றால் அடிப்பக்கம் மட்டும் வெடிப்பானேன்? எல்லாக் கோடும் குறுக்கே. ஒரு துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் எப்படிக் கிழியுமோ அப்படி. முன்குழாயை முன்னால் இழுத்தால் கீழ்க்குழாயின் எந்தப் பக்கம் இழுபடும்? அடிப்பக்கம். அதை இழுப்பது எது?

இழுவை.

நான் சேரிடம் போனேன். கண்டதை ஒழுங்காகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். அது அவருடைய நல்ல குணம். பிறகு சொன்னார்: "நாளைக்கு நானே ஒட்டிக் காட்டுறன். வெடிக்காது."

அடுத்த நாள் கடிகாரம் சட்டைப் பைக்குள் போனது. டோர்ச்சின் நுனி துடைக்கப்பட்டது. எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றோம். ராஜேஸ்வரி தொட்டிப் பக்கத்திலிருந்து ஈரக் கையோடு வந்து பின்னால் நின்றார். புதிய ஸ்டெயின்லெஸ் குழாய். சேர் இழுவையைப் போட்டு வழக்கம்போல இறுக்கினார். நெருப்பைக் கொண்டுபோனார். பிளக்ஸ் தெளிந்து ஓடியது. பித்தளைக் கம்பியைத் தொட்டார். அது மஞ்சளாக உருகி மூட்டைச் சுற்றி ஓடியது. அழகான கை. நான் இன்றும் அதை மறுக்க மாட்டேன்.

'டிக்' என்று கேட்டது.

சேர் ஒட்டி முடித்தார். டோர்ச்சை அணைத்தார். ஆறிய பிறகு நான் சிவப்பு மை பூசினேன், காத்திருந்தேன், துடைத்தேன், வெள்ளைத் தூள் தெளித்தேன். அடிப்பக்கம், குறுக்கே, அதே கோடு.

சேர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குழாய் சரியில்லை."

ராஜேஸ்வரியின் கையில் வெடித்தபோது கையில் பிழை. சேரின் கையில் வெடித்தபோது குழாயில் பிழை! அத்தனை பேர் அங்கே நின்றார்கள். ஒருவராவது வாய் திறந்தார்களா? தலையை ஆட்டினார்கள். "ஓ, குழாய்தான்" என்றார்கள். ராஜேஸ்வரி தொட்டிக்குத் திரும்பிப் போனார்.

நான் சேரின் மேசைக்குப் போனேன். அவருடைய கோப்பையை எடுத்தேன். கொண்டுவந்து அவர் ஒட்டிய மூட்டின் பக்கத்தில் வைத்தேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சல் அதுதான் என்று வீட்டார் சொல்வார்கள். சேர் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். பின்னேரம் எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சொல்லும். என்ன செய்து பாக்க வேணும்?"

அதே குழாயிலிருந்து மூன்று துண்டு வெட்டினோம். முதல் துண்டை இழுவையில் மாட்டி இறுக்கி, பித்தளை வைத்து ஒட்டினார். 'டிக்'. இரண்டாவது துண்டை ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கத்தைச் சும்மா விட்டு, அதே பித்தளையை அதே சூட்டில் வைத்தார். சத்தமில்லை; மையிலும் கோடில்லை. மூன்றாவதை இழுவையில் இறுக்கி அதே சிவப்பு வரும்வரை சூடாக்கினார். ஆனால் பித்தளை வைக்கவில்லை. அதுவும் வெடிக்கவில்லை. சூடு மட்டும் வெடிக்க வைக்கவில்லை. இழுப்பு மட்டும் வெடிக்க வைக்கவில்லை. ஸ்டெயின்லெஸ் குழாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதன்மேல் உருகிய பித்தளையை ஓடவிட்டால், பித்தளை அந்த உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய மணிகளுக்கு இடையே புகுந்து பிளக்கிறது. சாதாரண உருக்கு அதைத் தாங்குகிறது, இது தாங்குவதில்லை. மூன்று துண்டையும் சூடாக்கியது ஒரே கை, பட்டறையின் மிகக் குளிர்ந்த கை.

"ஓம், விளங்குது" என்றார் சேர். மூன்று துண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு வேலையின் பேச்சுக்கு வந்துவிட்டார். இனி ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு இழுவை வேண்டாம். குழாய் வாயை இடைவெளி வராதபடி அராவி, நெருக்காமல் தானாகப் பொருந்தச் செய்ய வேண்டும். சட்டத்தில் ஒரு முனை நகர இடம் விட வேண்டும். பித்தளைக்குப் பதில் குறைந்த சூட்டில் உருகும் வெள்ளிக் கம்பி. கோணாமலிருக்க எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி ஒட்ட வேண்டும். எல்லாம் சரியான முடிவுகள். அவர் கெட்டிக்காரர்.

"ராஜேஸ்வரியைத் திங்கட்கிழமை டோர்ச்சுக்கு வரச் சொல்லும்" என்றார்.

"ஏன் எண்டு எல்லாருக்கும் சொல்லுவீங்களா சேர்?"

"வரச் சொன்னாக் காணும், அவ்வளவுதான்."

"சொல்லாட்டி, அவட கையிலதான் பிழை எண்டு நெனப்பாங்க."

"வெளிநாட்டு ஆக்கள் இந்த இழுவையைப் பாக்கவெண்டே வாறவை. இதில பிழையெண்டு நானே எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப அவட கையில பிழையெண்டு எப்பிடிச் சொன்னீங்க?"

அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். பேச்சு முடிந்தது.

நான் பேசாமல் இருக்கவில்லை. மறுநாள் தேநீர் நேரத்தில் எல்லாருக்கும் சொன்னேன். மூன்று துண்டையும் காட்டினேன். "சேர் சொல்லட்டும்" என்றார்கள். "நானாவுக்கு ராஜேஸ்மேல இரக்கம்" என்றார்கள். பரிசோதகனின் பேச்சு சேரின் பேச்சாகாது.

ராஜேஸ்வரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"வர்றேன் நானா. ஆனா என் கையில இருந்த சூடு எங்க போச்சுன்னு யாராச்சும் கேட்டா நான் என்னா சொல்றது?"

பட்டறை தானாகவே ஒரு பதில் கண்டுபிடித்தது. திங்கட்கிழமை அவர் இழுவையில்லாமல், வெள்ளிக் கம்பியால் ஸ்டெயின்லெஸ் ஒட்டினார். வெடிக்கவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றும் வெடிக்கவில்லை. ஆகவே, தொட்டியில் நின்றதால் கை ஆறிவிட்டது என்றார்கள்! சேருக்கு என்ன மூளை, சத்தம் போடாமல் சூட்டைத் தண்ணீரில் இறக்கிவிட்டார் என்று மெச்சினார்கள். சேர் அதைக் கேட்டார். மறுக்கவில்லை. அதன் பிறகு யார் குழாயைக் கெடுத்தாலும் தொட்டிக்கு அனுப்புவது வழக்கமானது. சரியான காரணம் ஒரு மனிதரின் வாயிலிருந்து வெளியே வராததால், அந்த வெற்றிடத்தில் ஒரு வைத்தியம் முளைத்தது.

ஸ்டெயின்லெஸ் ஓடர்கள் நின்றுபோயின. ராஜேஸ்வரி ஓய்வெடுத்து ஹந்தானையில் வீட்டோடு இருக்கிறார். சேர் மாரடைப்பில் காலமானார். அவருக்கு நல்ல முறையில் அஞ்சலி செலுத்தினோம், நானும் அழுதேன். பட்டறைச் சுவரில் அவருடைய படத்தை மாட்டி, படத்துக்குக் கீழே ஓர் ஆணி அடித்து, இழுவையைப் பளபளப்பாக்கித் தொங்கவிட்டார்கள். அது சுவரிலேயே இருக்கட்டும் என்று அப்போது எனக்குச் சமாதானமாகத்தான் இருந்தது.

இர்ஷாத் அழைத்த அன்று நான் பட்டறைக்குள் போனபோது முதலில் பார்த்தது அந்தச் சுவரைத்தான். படம் இருந்தது. மாலை இருந்தது. ஆணி வெறுமையாக இருந்தது.

"சேர்ட ஞாபகமா எடுத்துப் போட்டோம் நானா. பழைய ஸ்டெயின்லெஸ் வேலையெல்லாம் சேர் இதாலதானே செஞ்சீக்கிறார்" என்றான் இர்ஷாத். வெள்ளிக் கம்பி ஏன் என்று, பிறகு வேலைக்கு வந்த அவனுக்கு ஒருவரும் சொன்னதில்லை. வீண் ஆடம்பரம் என்று நினைத்துப் பித்தளைக்கு மாறியிருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று சொல்லாமல் மாற்றிய ஒழுங்கு, ஏன் என்று கேட்காமலே திரும்பவும் மாறும்.

தொட்டிப் பக்கம் போனேன். நீராவிக்குள் ஒரு பெண் நின்றார். பெயர் தர்ஷினி, புசல்லாவைக்காரர். இரண்டு பிள்ளைகளின் தாய். அங்கிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். கை சிவந்து, தோல் சுருங்கியிருந்தது.

"கை எப்பிடி?" என்று கேட்டேன்.

"சுடுதண்ணியில நிக்குது சார். ஆறிடுச்சான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றார். என்னையும் அந்த வைத்தியர்களில் ஒருவனாக நினைத்திருக்கிறார்.

இழுவையைக் கழற்ற வைத்தேன். புதிய குழாயை நெருக்காமல் பொருத்தி, ஒரு முனையை நகரவிட்டு, அலுமாரியில் மிச்சம் கிடந்த வெள்ளிக் கம்பியைத் தேடியெடுத்து தர்ஷினியையே ஒட்டச் சொன்னேன். காதைக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சத்தமில்லை. இப்போது என் கண் மங்கல்; ஆகவே மையை இர்ஷாத் பூசினான். நான் சொல்லச் சொல்ல அவசரப்படாமல் துடைத்தான். வெள்ளைத் தூள் வெள்ளையாகவே இருந்தது.

நடந்ததை எல்லாம் இர்ஷாத்துக்குச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டான். "சரி நானா, அவ திங்கக்கெழம டோர்ச்சுக்கு வரட்டும்" என்றான்.

அதே வார்த்தைகள்! எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஏன் எண்டு சொல்லு. தேத்தண்ணி நேரம் எல்லாருக்கும் முன்னால சொல்லு."

"நானா, மௌத்தாப் போன மனிசன்ட பேர எப்பிடி…"

"அவர் மௌத்து. இந்தப் புள்ள உசிரோட தொட்டியில நிக்கிது."

அவன் தொட்டியைப் பார்த்தான். பிறகு தேநீருக்கு எல்லாரையும் கூப்பிட்டான். நான் தொலைபேசியை எடுத்து ராஜேஸ்வரியை அழைத்து, விஷயத்தைச் சொல்லி, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

இர்ஷாத் தொண்டையைச் செருமினான். "தர்ஷினிட கையில பிழையில்ல. இழுவையிலதான் பிழை. அந்தக் காலத்திலயும் இழுவையிலதான் பிழை ஈந்தீக்கி" என்றான். முணுமுணுப்பாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது.

மேசையிலிருந்து ராஜேஸ்வரியின் குரல் எழுந்தது.

"இர்ஷாத் தம்பி, ஒண்ணுமே கேக்கல. ஹந்தானையில சிக்னல் இல்லப்பா. என் பேரையும் சேத்து, இன்னொரு தடவ நல்லா சத்தமாச் சொல்லுங்க."

இர்ஷாத் சொன்னான். "ராஜேஸ்வரி அக்காட கையிலயும் பிழையில்ல!" வாசல்வரை கேட்டது. தர்ஷினி கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு டோர்ச் மேசைக்குப் போனார்.

ராஜேஸ்வரியின் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். தொலைபேசிக் கோபுரம் அவருடைய வீட்டுக்கு நேர் மேலேதான் நிற்கிறது.